வாழை, கர்ணன், பைசன்: திருநெல்வேலிச் சீமைப் படங்களை எப்படி எடைபோடுவது?

கேள்வி: மாரி செல்வராஜ் இயக்கிய பரியேறும் பெருமாள், கர்ணன், வாழை, பைசன் நான்கையும் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன். கூடவே பாபநாசத்தையும் மறுபடி பார்த்தேன். வாழை மனதை விட்டுப் போகவில்லை. பைசன் நீளமாகப் பட்டது. வீட்டில் எல்லாரும் “ஒரே கதையைத்தானே திரும்பத் திரும்ப எடுக்கிறார்” என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தை அறிந்தவர்கள் இந்தப் படங்களை எப்படிப் பார்க்கிறீர்கள்? என் கருத்தை விரிவாக எழுத நினைக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: ஐந்தையும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முடிவுகளை மறைக்காமல் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

என் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாழை முதலில். அதை ஒட்டியே பரியேறும் பெருமாள். மூன்றாவது பைசன், நான்காவது கர்ணன். பாபநாசம் வேறு வகைப் படம். அதைப் பேச்சுக்காக மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த வரிசைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: படத்தில் வரும் ஆட்கள் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பது படத்துக்குத் தெரிந்திருக்கிறதா? அந்த வேலை அவர்கள் உடம்பில் தெரிகிறதா, அதன் கூலிக் கணக்கு கதைக்குள் வருகிறதா? “ஏலே” எத்தனை தடவை கேட்கிறது, அரிவாள் எத்தனை தடவை ஓங்கப்படுகிறது என்பதை வைத்து ஒரு படத்தை நெல்லைப் படம் என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த நான்கு படங்களும் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

அதற்கு முன்னால், எந்தத் திருநெல்வேலி என்ற கேள்வி இருக்கிறது. இன்றைக்கு மாவட்டக் கணக்கில் பார்த்தால் இந்தப் படங்களின் ஊர்கள் பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்தில் வரும். 1986 அக்டோபரில்தான் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. மூன்றும் சேர்ந்த பழைய சீமைக்குள் நிலம் குறைந்தது நான்கு வகை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் நெல்லும் வாழையும் விளையும் நஞ்சை. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் வானம் பார்த்த கரிசல். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் பனை நிற்கும் செம்மணல் தேரி. அதற்கப்பால் கடற்கரை. நஞ்சைக்காரருடைய கோபமும் கரிசல்காரருடைய கோபமும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை, ஏனென்றால் அவர்கள் எதற்காக யாரிடம் போய் நிற்கவேண்டியிருக்கிறது என்பது வேறு வேறு. ஒரு படம் இந்த நான்கில் எதில் நடக்கிறது என்று முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதோடு பொருத்திப் பார்க்கலாம்.

வாழை (2024) ஆற்று நஞ்சையின் கதை. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசி இரண்டான மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் தண்ணீரில் வளர்வதுதான் நாம் படத்தில் பார்க்கும் வாழைக் கடல். நட்டது முதல் வெட்டு வரை பத்து, பன்னிரண்டு மாதம் பிடிக்கிற பயிர். தூரத்துச் சந்தைக்குப் போகிற தாரை முழுதாக முற்றவிடாமல் முக்கால் விளைச்சலிலேயே வெட்டுவார்கள். வெட்டின தாரைப் போட்டுவைக்க முடியாது. அன்றைக்கே லாரியில் ஏற்றியாக வேண்டும். அதனால் வேலைக்கு ஆள் வேண்டியது வியாபாரி சொல்கிற நாளில், வியாபாரி சொல்கிற நேரத்தில். பள்ளி விடுமுறை நாளில் பிள்ளைகளும் ஏன் இழுக்கப்படுகிறார்கள் என்பதற்குக் காரணம் இந்த அவசரத்துக்குள்தான் இருக்கிறது. முன்பணம் வாங்கிய வீடு ஆள் அனுப்பித்தான் தீரவேண்டும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் பிள்ளை போகவேண்டும்.

சுமையைக் கவனியுங்கள். தார் ஒன்று ரகத்தைப் பொறுத்து பத்து கிலோ முதல் இருபது கிலோவரை இருக்கும். தலையில் சும்மாடு வைத்து, சேற்றில் கால் புதைய, ஓர் ஆள் நடக்கும் அகலமே உள்ள வரப்பில் அதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். தார் நீளவாக்கில் கிடப்பதால் பாரம் தலையின் நடுவில் நிற்பதில்லை. ஒரு பக்கம் சாயும், கழுத்து அதை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பையன்கள் கழுத்து வலியைப் பற்றிப் பேசுவதும், சாயங்காலம் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவதும் அதனால்தான். வெட்டுவாயில் வடியும் வாழைக்கறை சட்டையில் பட்டால் பழுப்பாக நிற்கும், எத்தனை சலவைக்கும் போகாது. இவற்றையெல்லாம் வசனத்தில் சொல்லாமல் உடம்பில் காட்டியிருப்பதுதான் தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும் பொன்வேல், ராகுல் என்ற இரண்டு பையன்களின் நடிப்பும் சேர்ந்து செய்த காரியம். கூலி நாள் கணக்கில் இல்லை, தார் கணக்கில். அதனால் கலையரசன் நடித்த கனி கூலி உயர்வு கேட்கும் இடத்தில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு எடை என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்தக் காட்சி பேச்சாக இல்லாமல் கணக்காக நிற்பது இதனால்.

விபத்துக்கும் இதே கணக்குதான் காரணம். தாரை அடுக்கடுக்காக, நடுவில் சருகு போட்டு, லாரியின் பக்கப் பலகைக்கு மேலே உயர்த்தி ஏற்றுவார்கள். பாரம் உயர்ந்தால் வண்டியின் எடை மையம் மேலே போகிறது. வாய்க்கால் கரைச் சாலையின் ஓரம் மண் இளகியிருந்தால் ஒரு சக்கரம் இறங்கினாலே கவிழும். ஆட்களைத் திருப்பிக் கொண்டுவிடத் தனி வண்டி வைத்தால் அதற்கு வாடகை. அந்த வாடகையை மிச்சப்படுத்துவதற்காகப் பாரத்தின் மேலேயே ஆட்களை ஏற்றுவது. படத்தின் கடைசிப் பகுதியில் நாம் பார்ப்பது விதி இல்லை, செலவுக் குறைப்பு. பலர் இந்தப் படத்தைப் பற்றி “அழ வைத்துவிட்டது” என்று மட்டும் எழுதினார்கள். நீங்கள் எழுதும்போது அந்த லாரி ஏன் கவிழ்ந்தது என்று ஒரு பத்தி எழுதுங்கள். படத்துக்கு அதுதான் நியாயம்.

வாழையில் எனக்கு உடன்பாடு இல்லாத இடமும் இருக்கிறது. நிகிலா விமல் நடித்த பூங்கொடி டீச்சர் மேல் கதை நாயகனான பையன் சிவனணைந்தானுக்கு இருக்கும் ஈர்ப்பைப் படம் அளவுக்கு மேல் கொண்டாடுகிறது. வேலையில் இருந்து தப்பிக்கும் ஒரே வாசல் பள்ளிக்கூடம் என்று சொல்வதற்கு அது தேவைதான். ஆனால் கைக்குட்டைக் காட்சிகளில் கேமரா பையனின் வயதை மறந்துவிடுகிறது. இதைக் குறையாக எழுதத் தயங்காதீர்கள். படத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அதனால் எந்தச் சேதமும் வராது. பசி தாங்காமல் வந்த பிள்ளை, வெளியே சாவு விழுந்துகிடக்க, அடுக்களையில் உட்கார்ந்து சோற்றை அள்ளி வாயில் வைப்பதும் பெற்றவள் அவனை அடிப்பதும் தமிழ் சினிமாவில் பசியைப் பற்றி எடுக்கப்பட்டவற்றில் மிக நேர்மையான காட்சி என்பது என் கருத்து.

இனி பேச்சு. இதில்தான் ஊர்க்காரர்கள் அதிகம் சண்டை போடுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெல்லைப் பேச்சு “ஏலே”யில் இல்லை, வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. சொல்லுதேன், சொல்லுதான், பாக்கேன், நிக்கான், கேக்கா. மரியாதைக்கு வந்தாவ, சொன்னாவ, இருக்காவ. இதில் “சொல்றாய்ங்க, வந்தாய்ங்க” என்று ஒன்று கலந்துவிட்டால் மதுரை வந்துவிட்டது என்று பொருள். சினிமாவில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். அடுத்தது அழைப்பு. ஆண்பிள்ளையை ஏலே, பெண்பிள்ளையை ஏட்டி. பெற்றவள் மகனைக் கொஞ்சும்போது எய்யா. சம வயதுக்காரர்களும் மூத்தவர் இளையவரிடமும் போடுவது “வே”. அப்பாவிடமோ மாமனாரிடமோ அதைப் போடமாட்டார்கள். சொந்தமில்லாத பெரியவர், கடைக்காரர் எல்லாரும் அண்ணாச்சி. அண்ணன் மனைவி மைனி, அப்பாவைப் பெற்றவள் ஆச்சி. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் தவறு வந்தால், மற்ற சொல்லெல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் குடும்பம் பொய்யாகிவிடும். இதிலும் சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம், நிலத்துக்கு நிலம் மாற்றம் உண்டு. மேலப்பாளையத்துப் பிள்ளை வாப்பா, உம்மா என்றுதான் கூப்பிடும். கோவில்பட்டிக்காரர் பேச்சும் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் பேச்சும் ஒன்றில்லை. எனவே “இது எங்கள் ஊர்ப் பேச்சில்லை” என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல் எந்த ஊர் என்று கேளுங்கள்.

பிழை எங்கே வரும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நம் படங்களில் பெரும்பாலும் குரலைப் படப்பிடிப்புக்குப் பிறகு சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். அமைதியாகப் பேசும் வசனத்தை நான்கு முறை திருத்தலாம். கத்தும் இடத்திலும் அழும் இடத்திலும் நடிகரின் சொந்த ஊர்ப் பேச்சு மேலே வந்துவிடும், உணர்ச்சி போய்விடும் என்று இயக்குநரும் மறுபடி கேட்கமாட்டார். நகைச்சுவை நடிகர்கள் படப்பிடிப்பில் சேர்த்துக்கொள்ளும் துண்டு வசனங்களிலும் இதே கதை. ஒரு படத்தின் பேச்சைச் சோதிக்க வேண்டுமானால் சண்டைக்கு முந்தின வாக்குவாதம், சாவு வீடு, கேலி என்ற மூன்று இடங்களை மட்டும் கேட்டால் போதும்.

இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும் படம் பாபநாசம் (2015). ஜெயமோகன் வசனம், சுகாவின் பேச்சுப் பயிற்சி. கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் அழும் இடத்திலும் வினையின் வாலை விடுவதில்லை. ஆனால் என் அளவுகோலில் அந்தப் படம் பாதிதான் தேறும். கதை 2013இல் வந்த மலையாள திருஷ்யம் படத்தின் மறு ஆக்கம். நாங்குநேரிப் பக்கமும் எடுத்திருக்கிறார்கள், கேரளத்துத் தொடுபுழாவிலும் எடுத்திருக்கிறார்கள். வீடும் அதைச் சுற்றிய தோட்டமும் மலையாள மண்ணின் சாயலில் இருக்கின்றன. நிஜப் பாபநாசமும் விக்கிரமசிங்கபுரமும் ஹார்வி மில் என்ற பஞ்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். சங்குக்கு எழுந்து, ஷிஃப்டுக்குப் போய், சம்பள நாளில் கடன் அடைத்த ஊர்கள். அந்த ஊர் கதைக்குள் இல்லை. பேச்சு திருநெல்வேலி, பிழைப்பு வேறெங்கோ. திகில் கதை என்ற அளவில் எனக்குப் பிடித்த படம்தான், ஊரின் படமாக அதை நான் எண்ணுவதில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் காலா (2018) இருக்கிறது. தாராவியில் நடக்கும் கதை, ஆனால் செல்வியாக வரும் ஈஸ்வரி ராவ் குடும்பத்துக்குள் அதட்டும் தோரணை அசல் நெல்லைப் பெண்மணியுடையது. ஊரை விட்டுப் போனவர்கள் பேச்சைக் கூடவே எடுத்துப்போன கதை அது.

பரியேறும் பெருமாள் (2018) படத்தில் வேலை என்பது படிப்பு. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996இல் வந்தது. அதுவரை தெற்கத்திப் பிள்ளை வக்கீலுக்குப் படிக்க மதுரைக்கோ சென்னைக்கோ போகவேண்டும். அதை நினைத்துப் பார்த்தால், அந்த வகுப்பறையில் பரியன் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு எடை கூடும். அவன் முதல் தலைமுறையாக உள்ளே நுழைந்திருக்கிறான். இந்தப் படத்தின் பெரிய பலம் இரண்டு பேர். ஒருவர் கராத்தே வெங்கடேசன் நடித்த அந்தக் கொலைகாரப் பெரியவர். கொலையை விபத்துபோல, தானாகச் செத்ததுபோல ஆக்குவதுதான் அவருக்குத் தொழில். கூலி வேண்டாம், அதைச் சேவையாகச் செய்கிறார். அவரை வில்லனாக உருட்டி விழிக்கவிடாமல், சாதாரணமாகப் பேருந்தில் வருகிற ஒரு தாத்தாவாக வைத்திருப்பதால் பயம் கூடுகிறது. இன்னொருவர் பரியனின் அப்பாவாக வந்த தங்கராசு. பெண் வேடமிட்டு ஆடும் நாட்டார் கலைஞர், நிஜ வாழ்க்கையிலும் அதே கலைஞர். அந்தக் கலையை அவமானப்படுத்தும் காட்சியில் அவர் ஓடும் ஓட்டத்தை நடிப்புப் பள்ளியில் கற்றுத் தரமுடியாது. முடிவில் இரண்டு தேநீர்க் குவளைகளுக்கு நடுவே ஒரு பூ. அந்த ஒரு சட்டகத்தைப் பற்றியே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நீங்கள் வேறு காட்சியை எடுங்கள்.

கர்ணன் (2021) எனக்கு நான்காவதாக இறங்கியதற்குக் காரணம் பிற்பாதி. முற்பாதி அபாரம். பேருந்து நிற்காத ஊர் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கரிசல் கிராமத்தில் பேருந்து நிறுத்தம் இல்லையென்றால் பிரசவத்துக்கு ஆள் போகமுடியாது, பிள்ளை மேல்படிப்புக்குப் போகமுடியாது, அடுத்த ஊர் நிறுத்தத்தில் போய் நின்றால் அந்த ஊர்க்காரர் கண்ணில் படவேண்டும். ஒரு கல் பேருந்துக் கண்ணாடியில் விழும்வரை இந்த அழுத்தத்தைப் படம் நிதானமாக ஏற்றுகிறது. காவல் நிலையத்தில் பெரியவர்களின் பெயரும் அவர்கள் நிமிர்ந்து நிற்பதும் அதிகாரிக்கு உறுத்தும் இடமும் அப்படியே. பிறகு வாளும் குதிரையும் யானையும் வந்து கதை புராண உயரத்துக்குப் போகிறது. அங்கே ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தெரிந்துகொண்டிருந்தது நின்று, கூட்டமாகிவிடுகிறார்கள். 1995 ஆகஸ்டில் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்தில் காவல்துறை நடத்திய தாக்குதலைப் படம் நினைவுபடுத்துகிறது. அந்தத் தாக்குதலில் வீட்டுச் சாமான்களும் சேர்த்துவைத்த பொருள்களும் குறிவைத்து அழிக்கப்பட்டன என்பதுதான் அந்த ஊர் சொன்ன முக்கியமான புகார். கொஞ்சம் தலையெடுத்த ஊரின் சொத்தை அழிப்பது. படம் அடி உதையைக் காட்டிய அளவுக்கு இந்தச் சொத்தழிப்பைக் காட்டியிருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ஆண்டைப் பற்றி வெளியீட்டின்போது வந்த சர்ச்சையும் தெரிந்திருப்பது நல்லது: கதை நடப்பது 1997 என்று படம் குறித்திருந்ததை, எதிர்ப்பு வந்தபின் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள்.

கர்ணனில் ஒலியைத் தனியாகக் கேளுங்கள். கிடாக்குழி மாரியம்மாளின் குரலில் படம் தொடங்குவது நல்ல முடிவு. பொதுவாக நெல்லைப் படங்கள் என்று வருபவற்றில் கோயில் கொடை என்ற திருவிழாக் காட்சிகளில் இசை தவறிவிடும். இந்தப் பக்கத்துக் கொடை என்றால் வில்லுப்பாட்டு, கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் கருவி, நையாண்டி மேளம். வில்லில் கட்டிய மணி, குடத்தின் அடி, உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் தனித்தனியாகக் காதில் விழவேண்டும். நடுச்சாமத்தில் சாமக்கொடை, சாமிக்குப் படப்பு, வேட்டைக்குப் போகும் சுடலைமாடன் என்று ஒரு வரிசை உண்டு. படங்கள் பெரும்பாலும் இதற்குப் பதிலாக எங்கும் பொருந்தும் ஒரு பறை அடியையும் மஞ்சள் தண்ணீரையும் வைத்து முடித்துவிடுகின்றன.

பைசன் (2025) நீளமாகப் பட்டது என்றீர்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படம், நீளம்தான். ஆனால் கருத்தில் “நீளம்” என்று மட்டும் எழுதினால் படித்தவருக்கு எதுவும் கிடைக்காது. எங்கே நீள்கிறது என்று சொல்லவேண்டும். நாயகன் கிட்டான் ஒரு அணியில் சேர்வதும், ஊர்ப் பகை குறுக்கே வருவதும், ஒரு பெரிய மனிதர் கைகொடுப்பதும், மறுபடி அடுத்த அணியும் என்று ஒரே அமைப்பு திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. அடுத்தடுத்து வரும்போது மூன்றாவது சுற்றில் நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறோம். அமீரும் லாலும் நடித்த இரண்டு தலைவர்களின் பகை தனிப் படத்துக்குரிய கனம் உள்ளது, அது விளையாட்டுக் கதையோடு நேரத்துக்குப் போட்டிபோடுகிறது. காதல் கதை இரண்டுக்கும் நடுவே மெலிந்துபோகிறது.

ஆனால் கபடியை இந்தப் படம் மதித்திருக்கிறது. கதைக்கு மூலமான மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். கபடிக் காட்சியை எடைபோட நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டில் இருந்து 3.75 மீட்டரில் ரைடர் தாண்டியே ஆகவேண்டிய கோடு, அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. ஒரு ரைடுக்கு 30 விநாடி, அதற்குள் மூச்சுவிடாமல் பாட்டு. கேமரா முகத்தையும் தொடையையும் மட்டும் நெருக்கத்தில் காட்டினால் ஆட்டக்காரர் எந்தக் கோட்டில் நிற்கிறார் என்று தெரியாது, அப்போது புள்ளி எப்படி வந்தது என்பதும் நமக்குப் புரியாது. வெறும் சத்தம்தான் மிஞ்சும். காலில் பிடிக்கும் கார்னரும் பக்கத்தில் இருந்து சங்கிலியாக வந்து மோதும் கவரும் தெரிகிறார்களா என்று பாருங்கள். பைசனின் ஊர் மண் களக் காட்சிகளில் இது பெரும்பாலும் தெரிகிறது. துருவ் விக்ரமின் உடம்பில் உழைப்பு தெரிகிறது, அதற்காக அவரைப் பாராட்டியே எழுதலாம். பசுபதியின் அப்பா இந்தப் படத்தின் உயிர். மகன் விளையாடப் போவதை அவர் தடுப்பது பொறாமையாலோ அறியாமையாலோ இல்லை, வெளியே போன பிள்ளை உயிரோடு திரும்பவேண்டும் என்ற பயத்தால். பேருந்துக்குள் ஆட்டுக்கடாவை வைத்து வரும் தகராறில் அந்தப் பயத்தின் காரணம் முழுவதும் விளங்கிவிடும்.

இப்போது “ஒரே கதை” என்ற பேச்சுக்கு வரலாம். நான்கும் சாதியைப் பற்றிய படங்கள் என்பதால் ஒரே கதை ஆகிவிடாது. ஒன்று வகுப்பறை, ஒன்று பேருந்து நிறுத்தம், ஒன்று கூலி லாரி, ஒன்று விளையாட்டுக் களம். சாதி எந்த வாசலில் நின்று மறிக்கிறது என்பது ஒவ்வொன்றிலும் வேறு. ஒருவன் உட்கார்ந்து பேசுகிறான், ஒருவன் வாள் எடுக்கிறான், ஒருவன் ஓடுகிறான், ஒருவன் ஆடி ஜெயிக்கிறான். இதெல்லாம் பழைய காலம் என்பவர்களுக்கு: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவேண்டும் என்று எழுதவேண்டியிருந்தது. கதை ஊரில் முடியாதவரை படத்தில் முடியவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையில்லை.

திரும்ப வருவது என்று நியாயமாகச் சொல்லக்கூடியது வேறொன்று: காட்சி மொழி. நாய், கழுதை, குதிரை, ஆடு, மாடு என்று பிராணிகளைக் குறியீடாக வைப்பது பரியேறும் பெருமாளில் கருப்பியோடு நெஞ்சில் இறங்கியது. அது முதலில் ஒரு நாய், வேட்டைக்குப் போகிற, பெயர் சொன்னால் திரும்புகிற நாய். குறியீடு பிறகுதான் வந்தது. கர்ணனில் முன்னங்கால் கட்டிய கழுதை தான் வரும் முதல் காட்சியிலேயே குறியீடாக வந்து நிற்கிறது. நிஜப் பிராணியாக வந்தபின் குறியீடானால் வேலை செய்யும், குறியீடாகவே வந்தால் பார்ப்பவர் விடையை முன்பே எழுதிவிடுவார். ஓடும் காலின் மெதுவியக்கம், உறைந்த முகங்களின் வரிசை, இறந்த பிள்ளை தெய்வமாக வருவது இவற்றையும் இதே கேள்வியோடு பார்க்கலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு முறையாவது மறுபடி பாருங்கள். டிவியில் பார்க்கும்போது வசனம் அமுங்கி இசை மட்டும் இடித்தால், ஒலி அமைப்பில் 5.1இலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். நடு ஸ்பீக்கருக்கு என்று பிரித்த வசனம் இரண்டு ஸ்பீக்கரில் சேரும்போதுதான் அப்படி அமுங்கும். படம் நாடகம்போல வழவழப்பாகத் தெரிந்தால் டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். விநாடிக்கு 24 சட்டகம் உள்ள படத்துக்கு நடுவில் இல்லாத சட்டகங்களை அது சேர்த்துவிடுகிறது. இரவுக் காட்சிகள் கர்ணனிலும் வாழையிலும் நிறைய. பகல் வெளிச்சத்தில் போனில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைப் பற்றி எழுதவேண்டாம். அடிவசனத்தை அணைத்துவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் கண் படித்துவிடும், காது கேட்காது.

குறிப்பு எடுக்கும்போது காட்சி எந்த நிமிடத்தில் வருகிறது, அதில் என்ன பார்த்தீர்கள், அதனால் என்ன நினைத்தீர்கள் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பெரும்பாலான கருத்துகள் சரிந்துபோவது நடு வரி இல்லாததால்தான். “இயக்குநர் உணர்ச்சியைத் திணிக்கிறார்” என்று எழுதிவிடுவார்கள், எந்தக் காட்சியில், இசை எந்த இடத்தில் புகுந்தபோது என்று இருக்காது. வயலையும் மாதத்தையும் பொருத்திப் பார்ப்பதும் பயன்படும். ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் ஆனி, ஆடியில் தொடங்கும், பிசானம் ஐப்பசி மழையோடு. கதையில் பங்குனி உத்திரம், சாஸ்தா கோயில் என்று வந்து வயலில் நாற்று நடவு நடந்தால் படப்பிடிப்புத் தேதி கதையை மீறிவிட்டது என்று அறியலாம். கிராமம் என்றாலே எல்லாவற்றையும் பழுப்பு நிறத்தில் முக்கும் வழக்கமும் இருக்கிறது. மார்கழியில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பச்சை கண்ணைப் பறிக்கும், வறுமை அந்தப் பச்சைக்கு நடுவேதான் நடக்கிறது. வாழை அதைத் துணிந்து காட்டியிருக்கிறது.

உங்கள் கட்டுரையில் இடம் இருந்தால், இன்னும் படமாகாத திருநெல்வேலியையும் குறிப்பிடலாம். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வீடுகளில் பீடி சுற்றும் பெண்களின் கதையை வெகுஜன சினிமா இன்னும் தொடவில்லை. இலையை இரவே நனைத்துவைத்து, காலையில் தகட்டு அளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக்கைக்குக் கூலி. இலை கிழிந்தாலோ கட்டு சரியில்லை என்று கழித்தாலோ இழப்பு சுற்றியவளுக்கு. பேசிக்கொண்டே, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே விரல் மட்டும் ஓடும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தாமிரபரணிக் கரையில் 17 பேர் செத்த நாள் இருக்கிறது. உப்பளம் இருக்கிறது, பனையேறி இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் பட்ட பாட்டை எழுத்தாளர் பூமணி கருவேலம்பூக்கள் என்று படமாக இயக்கினார். அதைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாழையைப் பற்றி எழுதினால் உங்கள் கருத்துக்கு இன்னொரு கால் கிடைக்கும்: ஒரே சீமையில், பிள்ளைகளின் உழைப்பைப் பற்றி, கரிசலில் இருந்து ஒரு படமும் ஆற்று நஞ்சையில் இருந்து ஒரு படமும்.